காழும் கம்பியும்: சுட்ட கோழியின் சொல்வரலாறு

உண்ணும் பொருளைப் பற்றி எழுதுவது தமிழ்த்துறை மலருக்குத் தகுமா என்று சிலர் வினவக்கூடும். ஆற்றுப்படை நூல்களைக் கற்றவர் அவ்வாறு வினவார். வறுமையோடு வழிநடந்த பாணனுக்கு எந்நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்பதை ஒன்றுவிடாமல் எடுத்துரைப்பதையே பாட்டின் பெரும்பகுதியாகக் கொண்ட இலக்கிய வகை அது. உணவின் பெயரைக் கொண்டே நிலத்தையும் மக்களையும் அடையாளம் காட்டிய புலவர்களின் மொழி நம்முடையது. எனவே நம் மாலை நேரத் தெருக்களில் மணக்கும் ஓர் உணவைச் சொல்வழி ஆராய்வதில் பிழையில்லை.

சென்னைக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே உள்ள சிறிய இரயில் நிலையம் நெமிலிச்சேரி. குரோம்பேட்டைப் பக்கத்திலும் இப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் கூறுவது திருவள்ளூர் மாவட்டத்து நெமிலிச்சேரி. தெலுங்கில் நெமலி என்றால் மயில் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை 2014இல் இவ்வூர் வரை திறக்கப்பட்டது. 2021இல் மீஞ்சூர் வரை நீண்டது. ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம் இது. சரக்குந்து ஓட்டுநர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்தும் ஆவடித் தொழிற்சாலைகளிலிருந்தும் வேலை முடிந்து இறங்குவோர், கல்லூரி மாணவர் எனப் பலரும் வந்து கூடும் புறநகர்ப் பகுதி. இத்தகைய சந்திப்புகளில் பொழுது சாய்ந்ததும் கரியடுப்புகள் கனலத் தொடங்குகின்றன. மிளகாயும் தயிரும் பூசிய கோழி கம்பியில் ஏறுகிறது.

இதனை நம் முதியோர் சிலர் 'நேற்று வந்த அரபு நாட்டுத் தீனி' என்று ஒதுக்குவர். இளைஞரோ 'நம் பாரம்பரிய உணவு' என்று பெருமை பேசுவர். இரண்டு கூற்றுகளும் பாதி உண்மையே. எந்தப் பாதி உண்மை என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே புலவர், நான்கு சொற்கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. அதன் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பாணன் அவனை நாடிச் செல்லும் வழி தொண்டை நாட்டு வழி. நெமிலிச்சேரியும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அந்நாட்டைச் சேர்ந்தவையே. ஆதலின் நம் வட்டாரத்து உணவின் மிகப் பழைய ஆவணம் எது என்று கேட்டால், இப்பாட்டைச் சுட்டுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

இப்பாட்டில் எயினர் குடியிருப்பில் உடும்பின் இறைச்சி கிடைக்கிறது. அதற்குப் புலவர் இட்ட சொல் 'வறை'. மருதநிலத்து உழவர் மனையில் நெற்சோற்றோடு கோழி கிடைக்கிறது. அங்கு வரும் சொல் 'வாட்டு'. வலைஞர் குடியில் மீன் கிடைக்கிறது. அதற்குச் சொல் 'சூடு'. அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் 'சூடு' ஆகவும், வயல் ஆமையைப் 'புழுக்கு' ஆகவும் உண்கின்றனர். வறை, வாட்டு, சூடு, புழுக்கு என நான்கு சொற்கள். நான்கும் வெவ்வேறு அடுதொழில்கள். புழுக்கு என்பது நீரில் வேகவைத்தது. வறை என்பது கலத்தில் இட்டு வறுத்தது. சூடு என்பது நெருப்பில் நேரே சுட்டது. 'இறைச்சி உணவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், நெருப்புக்கும் உணவுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்பதைப் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார் புலவர். இந்நுட்பம் இன்றைய உணவகப் பட்டியல்களில் இல்லை.

'வாட்டு' என்ற சொல்லே நமக்கு முதன்மையானது. உழவர் மனையில் வளர்ந்த பெடைக் கோழியை 'அளகு' என்கிறது பாட்டு. அதன் வாட்டினைப் பொரியல் என்று கொள்வது உரைமரபு. அவ்வுரையை மறுக்க வேண்டியதில்லை; ஆயினும் வினைச்சொல்லின் இன்றைய வழக்கு வேறொரு பொருளையும் காட்டுகிறது. வாழையிலையை அனலில் வாட்டுகிறோம். வெற்றிலையை விளக்கில் வாட்டுகிறோம். கிராமத்தில் நாட்டுக்கோழியை அறுத்து இறகு நீக்கிய பின் மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் காட்டுவார்கள். அச்செயலுக்குப் பெயர் இன்றும் வாட்டுதல்தான். எண்ணெய்க்கும் கலத்திற்கும் இச்சொல்லில் இடமில்லை. தீயின் நேர் வெம்மையில் நீர் வற்றச் செய்தலே அதன் அடிப்பொருள். ஆகவே அளகின் வாட்டு என்பதைத் தீயில் வாட்டிய கோழி என்று கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து. மாணவர்கள் இதனை ஏற்றாலும் மறுத்தாலும், உரையை மட்டும் படித்து முடிவு செய்யாமல், கோழி வாட்டும் பாட்டியிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாக.

இனி, கம்பி. முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் பொருநனுக்கு அளிக்கப்படும் விருந்தில் கொழுத்த இறைச்சித் துண்டுகள் 'காழ்' கொண்டு சுடப்படுகின்றன. காழ் என்பது இங்கே இறைச்சியைக் கோத்துச் சுடும் இருப்புக் கம்பி. உருதுவில் 'சீக்' எனப்படுவதும் அக்கம்பியே. அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் நோன்புக்கால மாலைகளில் விற்கும் 'சீக் கபாப்' என்னும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், காழில் சுட்ட இறைச்சி என்றே வரும். இதனால் பாரசீகம் நம்மிடம் கற்றது என்றோ, நாம் அங்கிருந்து கற்றோம் என்றோ முடிவு கட்டுதல் கூடாது. இறைச்சியும் இரும்பும் நெருப்பும் உள்ள எந்நாட்டிலும் இம்முறை தானே தோன்றும். மலாய் நாட்டுச் 'சாத்தே' தமிழ்ச் 'சதை'யிலிருந்து வந்தது என்று மகிழ்வோர் உண்டு. ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதை மொழியியல் மாணவர் மறக்கலாகாது.

தெருவில் விற்பதும் புதிதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பேசுகிறது. அந்நகரின் உணவுக் கடைகளில் ஊன்சோறும் விலைபோயிற்று. மாலையில் தொடங்கி இரவில் சூடுபிடிக்கும் நம் புறநகர்க் கடைகளை அல்லங்காடி என்று அழைத்தால் அச்சொல்லுக்கு ஓர் இழுக்கும் வாராது.

சங்ககாலத்தில் இல்லாதவை

சுடுதலும் உண்டு, கம்பியும் உண்டு, அங்காடியும் உண்டு என்றால், இளைஞர் கூற்றே வென்றதோ எனின், அன்று. இன்றைய காரக்கோழியின் உயிர்நாடியான மிளகாய் அன்று இந்நாட்டில் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பகுதியில் கரையிறங்கிய பின், போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து சேர்ந்தது. அதுவரை உறைப்பு என்றால் மிளகு. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் என்று பெயரிட்டுத் தமிழர் அதனைத் தமக்குரியதாக்கிக் கொண்டனர். இன்று இராமநாதபுரம் முண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது (2023). வந்தேறிய செடி ஓர் ஊரின் அடையாளமாக ஆக நானூறு ஆண்டுகள் போதுமாயின என்பது கருதத்தக்கது.

அன்று இல்லாத மற்றொன்று, இன்றைய கோழியே. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாட்டுக்கோழி மேய்ந்து திரிந்து மாதக்கணக்கில் வளர்வது, தசை இறுகியது. அதனை நெடுநேரம் குழம்பில் வேகவைத்தால்தான் மென்மையாகும். முழுக்கோழியைக் கரியில் சுட்டால் மேற்புறம் கருகும், உட்புறம் தோலாக இழுக்கும். அன்றியும் வீட்டுக்கோழி முட்டைக்கும் விருந்துக்கும் உரிய செல்வம். நாள்தோறும் தெருவில் அறுத்து விற்கத்தக்க பொருளன்று. ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோ எடைக்கு வளரும் கறிக்கோழி வந்த பிறகே இந்நிலை மாறியது. பல்லடம் வட்டாரம் அத்தொழிலின் நடுவிடமாயிற்று. இளந்தசை உடைய அக்கோழி அரைமணி, முக்கால் மணி நேர அனலிலேயே வெந்துவிடும். விலையும் தொழிலாளியின் கைக்கு எட்டும். ஆகவே சுட்ட கோழி தெருவுணவாயிற்று என்றால், அதற்குச் சமையற்காரரைவிடக் கோழிப்பண்ணையே பெரிய காரணம் எனலாம்.

பெயர்கள் வந்த வழி

கடைப் பலகைகளில் இன்று தமிழ்ப் பெயர் அரிது. தந்தூரி, கபாப், கிரில், பார்பிக்யூ, அல்ஃபஹம் என்பனவே மிகுதி. இவற்றை வெறும் அயற்சொற்கள் என்று தள்ளுவதைவிட, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று அறிவது பயனுடையது.

'தந்தூர்' என்பதன் மூலம் மிகப் பழையது. பழைய மெசபொத்தேமியாவின் அக்காடிய மொழியில் 'தினூரு' எனவும், அரபியில் 'தன்னூர்' எனவும் வழங்கும் இச்சொல் அடுப்பைக் குறிப்பது. நூஹ் நபி (அலை) அவர்களின் பெருவெள்ளச் செய்தியில் திருக்குர்ஆன் இச்சொல்லை ஆள்கிறது. அச்செய்தி இடம்பெறும் ஹூத் அத்தியாயத்திலேயே, இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம்மிடம் வந்த விருந்தினர்க்குச் சுட்ட கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்ததும் கூறப்படுகிறது. மண்ணடுப்பில் சுட்ட தந்தூரிக் கோழியை இந்தியா முழுவதும் பரவச் செய்த பெருமை பெசாவரிலிருந்து பிரிவினையின்போது தில்லிக்கு வந்த குந்தன்லால் குஜ்ரால் தொடர்புடைய தரியாகஞ்சு மோத்தி மகல் உணவகத்துக்கு உண்டு. நம் தெருக்களிலோ 'தந்தூரி' என்று விற்கப்படுவது பெரும்பாலும் தந்தூரைக் கண்டதே இல்லை. அது கரியின் மேல் கம்பித்தட்டில் சுட்டது. 'கிரில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கம்பித்தட்டு என்பதே பொருள். ஆனால் 'கிரில் சிக்கன்' என்று விற்கப்படுவதோ கண்ணாடிப் பெட்டிக்குள் நீண்ட கம்பியில் கோத்து, எரிவாயுத் தழல் முன் சுழற்றிச் சுடுவது. ஆக, கம்பித்தட்டில் வெந்தது தந்தூரி என்றும், கம்பியில் சுழன்றது கிரில் என்றும் பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. சுழல்கம்பிக் கோழிக்குப் பொருந்தும் சொல் கேட்டால், பொருநராற்றுப்படையின் காழ்தான் முன்வந்து நிற்கிறது.

'அல்ஃபஹம்' என்பது அரபியில் கரி என்னும் பொருளது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று மீண்ட நம் மக்களும் கேரள மக்களும் அவ்வுணவையும், குபூஸ் என்னும் ரொட்டியையும், சவர்மாவையும் உடன் கொண்டுவந்தனர். சவர்மா என்ற சொல் 'சுழற்றுதல்' என்னும் பொருளுடைய துருக்கியச் சொல்லின் அரபு வடிவம். சென்னையின் கோழி மோகத்துக்கு இவற்றுக்கு முன்னரே ஒரு தொடக்கம் உண்டு. ஏ. எம். புகாரி 1951இல் அண்ணா சாலையில் நிறுவிய உணவகம் 1965இல் 'சிக்கன் 65' என்பதைத் தன் பட்டியலில் சேர்த்ததாகக் கூறுகிறது. அது சுட்டதன்று, எண்ணெயில் பொரித்தது. எனினும் சிவந்த, உறைப்பான, எலுமிச்சை பிழிந்த கோழியைத் தள்ளுவண்டி வரை கொண்டு சேர்த்த சுவைப்பழக்கத்துக்கு அது வழிவகுத்தது.

சிறு நகைச்சுவை ஒன்று. கடையில் முழுசு, அரை, கால் என்பதே கணக்கு. 'கால் கொடுங்கள்' என்றால் நான்கில் ஒரு பங்கா, கோழியின் காலா? கால்பங்கில் பெரும்பாலும் காலே இருப்பதால் வாணிகம் தடையின்றி நடக்கிறது. இருபொருள் தரும் இச்சொல்லைச் சிலேடைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொன்னால் மாணவர் மறப்பதில்லை.

நெருப்பின் வேலை

நல்ல கடைக்காரர் செய்வது என்ன என்பதைக் கூர்ந்து நோக்கினால் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் புலப்படும். தொடையிலும் நெஞ்சிலும் ஆழமாகக் கீறல் இடுகிறார். மசாலாவும் அனலும் உள்ளே செல்வதற்காக. உப்பு தசையின் புரதத்தை இளக்கி, நீரைப் பிடித்து வைக்கச் செய்கிறது. தயிரின் மென்புளிப்பு இறைச்சியைப் பதப்படுத்துகிறது. எலுமிச்சையை அளவுக்கு மீறிச் சேர்த்து நெடுநேரம் ஊறவைத்தால் மேற்புறம் மாவுபோல் ஆகிவிடும். அதனால் கைதேர்ந்தவர் அதைக் கடைசியில் பிழிகிறார். மிளகாயின் உறைப்புப் பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிரும் எண்ணெயும் அதனை எங்கும் பரப்புகின்றன. புரதமும் சர்க்கரையும் வெம்மையில் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தரும் வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலார் மெய்யார். குழம்பில் வெந்த கோழிக்கு அந்த மணம் வாராது. நீர் கொதிநிலைக்கு மேல் வெப்பம் ஏற விடுவதில்லை.

இக்கரியும் தமிழ்நாட்டுக் கதையே. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை மூட்டமிட்டு எரித்துக் கரியாக்குவது பல ஏழைக் குடும்பங்களின் பிழைப்பு. அம்மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. வறண்ட நிலத்து வேண்டா மரம் தலைநகரப் புறத்தில் கோழி சுடுகிறது.

தழல் நன்மையே செய்வதில்லை. கொழுப்பு கரியில் சொட்டி எழும் கரும்புகையில் புற்றுநோய்க் காரணியான பென்சோபைரீன் உண்டு. கருகிய பகுதியைக் கிள்ளி எறிவது சுவைக்கேடு அன்று, அறிவுடைமை. மேற்புறம் கருகி உட்புறம் வேகாமல் இருப்பது அதனினும் கொடிது. கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டினால்தான் சால்மொனெல்லா முதலிய நுண்ணுயிர்கள் அழியும். எலும்பின் அருகே செந்நீர் கசியும் துண்டைத் திருப்பிக் கொடுக்க மாணவர்கள் நாணக் கூடாது. வெந்த கோழியும் 5 முதல் 60 பாகைக்குள் நெடுநேரம் கிடந்தால் மீண்டும் கெடும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா உண்ட 14 வயது மாணவி உயிரிழந்ததை நாம் மறப்பதற்கில்லை. வேகாத முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. அப்பண்டத்துக்கும் நம் சுட்ட கோழிக்கும் பிறவித் தொடர்பு ஏதுமில்லை. புதினாச் சட்னியும் வெங்காயமும் போதுமென்று இருந்த காலத்தில் எவருக்கும் குறையொன்றும் இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

நிறமும் அத்தகையதே. 2024 சூனில் கருநாடக அரசு கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. செம்மை வேண்டுமெனில் பியாடகி மிளகாய் இருக்கிறது. உறைப்புக் குறைவு, நிறம் மிகுதி. ஒளிரும் சிவப்பு நல்ல கோழியின் அடையாளம் என்று கேட்டு வாங்குவோர் இருக்கும்வரை, சாயப்பொடியை விற்பவர் மீது மட்டும் பழி சுமத்துவது நடுவுநிலை ஆகாது.

அறுப்பு முறை பற்றியும் ஒரு சொல். பல கடைகளில் 'ஹலால்' என்று பலகை தொங்குகிறது. இறைவன் பெயர் கூறி அறுத்து இரத்தம் வடியவிடுவது அம்முறை. ஆனால் பலகை அறுப்பைப் பற்றி மட்டுமே பேசும். கோழி எத்தனை மணிநேரம் பனிக்கட்டி இன்றிக் கிடந்தது என்பதை அது சொல்லாது. இரண்டையும் கேட்டறியும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு.

சொல் சேகரிப்போர்க்கு

கடைக்காரர்களுக்கும் உரிமை உண்டு. தெருவோர வணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வணிகரைக் கணக்கெடுத்துச் சான்று வழங்கவும், நகர விற்பனைக் குழுவில் அவர்க்கு இடமளிக்கவும் அது வழிசெய்கிறது. சாலை விரியும்போது முதலில் பெயர்க்கப்படுவது அடுப்பு என்பதால், இச்சட்டத்தின் பெயரையேனும் அவர்கள் அறிந்திருப்பது நன்று. நம் மாணவர் ஒரு மாலைப்பொழுதில் இதனை எடுத்துரைக்கலாம்.

அம்மாலையிலேயே தமிழ்த்துறைக்குரிய பணியொன்றும் செய்யலாம். ஒரு குறிப்பேட்டுடன் சென்று, அடுப்பின் பகுதிகளை அவர் எப்பெயரால் அழைக்கிறார், கம்பியில் ஏற்றுவதற்கு என்ன வினை சொல்கிறார், அனல் தாழ்ந்தால், மிகுந்தால் என்ன சொல்கிறார், வேகாததையும் கருகியதையும் எவ்வாறு பிரித்துரைக்கிறார் என்று கேட்டெழுதுங்கள். மசாலா தடவுதல், பூசுதல், பிசிறுதல், ஊறவைத்தல் என்பன ஒன்றா, வேறா என்றும் கேளுங்கள். வடநாட்டிலிருந்து வந்து இங்கு அடுப்படியில் நிற்கும் இளைஞர்கள் எந்தத் தமிழ்ச்சொற்களை முதலில் கற்றார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உருத்திரங்கண்ணனார் நான்கு சொற்களைத் தந்தார். நெமிலிச்சேரிச் சந்திப்பில் எத்தனை கிடைக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, பட்டியலைத் துறை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டுகிறேன். எழுதும்போது கடைக்காரர் ஒலித்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டா.